31ஆம் நாளுக்குள் அப்பாவின் கல்வெட்டு: எழுதுவதும் அச்சிடுவதும்

திருமலை என்று நாம் சொல்லும் திருகோணமலையில் ஒரு சாதாரணக் குடும்பத் தலைவர் கண்ணை மூடினால் அவரைப் பற்றி அச்சில் வருவது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று மரண அறிவித்தல். மற்றது 31ஆம் நாள் வீட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். அறிவித்தல் மறுநாளே பழைய பேப்பராகிவிடும். கல்வெட்டு சாமியறை அலுமாரியில் முப்பது வருசம் கிடக்கும். பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதை எடுத்துப் பார்த்துத்தான் அப்பப்பா யார் என்று அறியப்போகிறார்கள். அவசரத்தில் பக்கத்து வீட்டுக் கல்வெட்டைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அந்த மனிதருக்கு அதைவிட நல்லதைச் செய்ய முடியும். அதற்கு முப்பது நாள் போதும், வேலையைச் சரியாகப் பிரித்துக்கொண்டால்.

நாட்கணக்கு

இறந்த நாளையே 1 என்று எண்ண வேண்டும். உதாரணத்துக்கு 2025 சனவரி 8ஆம் திகதி காலை ஒருவர் இறந்தார் என்று வைப்போம். எட்டுச் செலவு என்ற எட்டாம் நாள் சடங்கு 15ஆம் திகதி. 31ஆம் நாள் பெப்ரவரி 7. இடையில் பொங்கல் 14ஆம் திகதி வருகிறது, அதற்கு முதல் நாள் போயா (பௌர்ணமி விடுமுறை). பெப்ரவரி 4 சுதந்திர தினம். அச்சகம் பூட்டியிருக்கும் இந்த நாட்களை முதலிலேயே கலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். 28ஆம் நாள் கையில் வரும் என்று நம்பியிருந்த புத்தகம் அன்று விடுமுறை என்பதால் 30ஆம் நாள் இரவு மை காயாமல் வந்து சேர்வது இப்படித்தான்.

எட்டாம் நாள் வரைக்கும் தாள்களைத் தேடி எடுப்பதோடு நிறுத்துங்கள். யாரையும் கேள்வி கேட்க வேண்டாம். எட்டு முடிந்து 14ஆம் நாள் வரை ஆட்களோடு பேசுங்கள். 15 முதல் 18 வரை எழுத்து. 19ஆம் நாள் வெண்பாவும் மற்றப் பாட்டுகளும் பாவலரிடமிருந்து வந்துவிட வேண்டும். 20ஆம் நாள் அச்சகம், 22ஆம் நாள் முதல் புரூப் (பிழை பார்க்கும் அச்சுப்படி), 24ஆம் நாள் இரண்டாவது. இந்த அட்டவணையில் இரண்டு நாள் தவறினாலும் தாங்கும். நான்கு நாள் தவறினால் புரூப் பார்க்காமல் அச்சடிக்க வேண்டிவரும். பெயர்ப் பிழைகள் உள்ளே நுழைவது அந்த இடத்தில்தான்.

எழுதுகிறவர் ஒருவராக இருக்கட்டும். கனடாவில் இருக்கும் மகனும் கொழும்பில் இருக்கும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் எழுதி ஒட்டினால் ஒரே செய்தி மூன்று இடத்தில் மூன்று விதமாக வரும். மற்றவர்கள் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும். அந்த ஒருவர் வீட்டில் மிகவும் அழுகிறவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெறாமகனோ, மூத்த மருமகனோ, அப்பாவோடு வேலை செய்த ஒருவரின் பிள்ளையோ பொருத்தமாக இருப்பார்.

பெட்டியில் இருக்கும் தாள்கள்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டியோ பழைய சூட்கேசோ இருக்கும். அதில் இருப்பதை வரிசைப்படுத்தினால் வாழ்க்கையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

பிறப்புப் பத்திரத்தில் பிறந்த திகதியோடு தகப்பனாரின் தொழிலும் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாத பூட்டனாரின் தொழில் பல வீடுகளில் அங்கேதான் முதன்முதலாக வெளிப்படுகிறது. விவாகப் பத்திரத்தில் இரு பக்கத்துத் தகப்பன்மாரின் பெயர், மணமக்களின் வயது, சாட்சிகளின் பெயர் எல்லாம் உண்டு. அந்தச் சாட்சிகளில் ஒருவர் உயிரோடிருந்தால் அவரை முதலில் போய்ப் பாருங்கள். காணி உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம், சேமலாப நிதித் தாள்கள், நிவாரண அட்டை, சங்க உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஆண்டு வாரியாகப் பெயரிட்டு வையுங்கள்.

பிறப்புப் பத்திரம் எரிந்தோ தொலைந்தோ போன வீடுகள் திருமலையில் நிறைய. அப்போது பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்க எண் உதவும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அந்த மூன்றோடு 500 கூட்டியிருப்பார்கள். ஓர் எண் 50120 என்று தொடங்கினால் 1950ஆம் ஆண்டின் 120ஆவது நாள். இங்கே ஒரு பொறி உண்டு. அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே 120 என்பது ஏப்ரல் 29. சாதாரண ஆண்டுக் கலண்டரில் எண்ணினால் ஏப்ரல் 30 என்று வந்து ஒரு நாள் பிசகும். சாதகக் குறிப்பு இருந்தால் அதையும் ஒத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயதை ஏற்றியோ குறைத்தோ எழுதிய காலம் அது. இரண்டு திகதி கிடைத்தால் சாதகத்தில் உள்ளதை வரலாற்றில் போடுங்கள், பத்திரத்தில் உள்ளது வேறு என்று ஒரு வரி சேருங்கள்.

ஆட்களிடம் கேட்பது

வயதானவர்களிடம் “எந்த ஆண்டு?” என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் ஆண்டை எண்ணாக வைத்திருப்பதில்லை, நிகழ்ச்சியாக வைத்திருக்கிறார்கள். அதனால் திருமலைக்கான ஒரு சின்ன அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.

யப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. வெள்ளைக்காரரின் கடற்படை திருமலையை விட்டுப் போனது 1957. சூறாவளி 1964 டிசம்பர் 22, 23. கலவரம் 1983 யூலை. கந்தளாய்க் குளம் உடைந்தது 1986 ஏப்ரல் 20. பெரிய இடப்பெயர்வு 1990. சுனாமி 2004 டிசம்பர் 26. மூதூர், சம்பூர் பக்கம் சனம் எழும்பியது 2006. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009, அதற்கு முன்னால் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் கடந்தார்கள்.

பேச்சு இப்படிப் போகும்.

“மாமி, உவர்மலை வீட்டுக்கு நீங்க வந்தது எப்ப?”

“அது சூறாவளி அடிச்ச மார்கழி, தம்பி. கூரை போயிற்று. மூத்தவன் மூண்டு மாசப் பிள்ளை. மாமா அவனைச் சாக்கில சுத்திக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினவர்.”

இந்த ஒரு பதிலில் நான்கு செய்தி கிடைக்கிறது. வீடு மாறிய காலம் 1964 கடைசி. மூத்த மகன் பிறந்தது அதே ஆண்டு செப்டம்பர் அளவில். கலியாணம் அதற்கு முன். சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடிய காட்சி அப்படியே புத்தகத்துக்குப் போக வேண்டியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் வளர்ந்தவர் “சூறாவளி” என்றால் 1978 நவம்பரைச் சொல்கிறார். சம்பந்தி வீடு அந்தப் பக்கம் என்றால் எந்தச் சூறாவளி என்று திருப்பிக் கேளுங்கள்.

அம்மாவிடம் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். பின்னேரத்தில் அரை மணி, அதற்கு மேல் இல்லை. அப்பாவின் ஒரு பொருளை எடுத்து முன்னால் வையுங்கள். திறப்புக் கோர்வை, மணிக்கூடு, சைக்கிள் பம்ப் என்று எதுவானாலும் சரி. “இது எங்க வாங்கினது?” என்று கேட்டால் போதும். “அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் அம்மா அழுவார், நீங்களும் அழுவீர்கள், கொப்பியில் ஒன்றும் இருக்காது. போனில் ஒலிப்பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டாருக்குத் தெரியாத அப்பா ஒருவர் வெளியே இருந்திருப்பார். தேத்தண்ணிக் கடையில் கூட இருந்தவர், வேலையிடத்து நண்பர், கோயில் திருவிழாவில் சேர்ந்து தேர் இழுத்தவர் என்று மூன்று பேரையாவது தேடிப் போங்கள். திருமலையில் அந்த மூவரில் ஒருவர் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பராகவோ, துறைமுகத்தில் ஒன்றாக வேலை செய்த சிங்களவராகவோ இருப்பது சாதாரணம். அவர்கள் சொல்வதையும் சேர்க்க வேண்டும். சிங்களத்தில் சொன்னால் தமிழில் எழுதி, அதன் பொருளை அவருக்குத் திரும்பச் சொல்லிக் காட்டி, சரி என்ற பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

கேட்டதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. “அப்பா வெள்ளைக்காரனின் டொக்யாட்டில் வேலை செய்தவர்” என்று பேரன் சொல்வான். அப்பா பிறந்தது 1945 என்றால் கடற்படை போன 1957இல் அவருக்கு 12 வயது. வேலை செய்தவர் அப்பப்பாவாக இருக்கும். இரண்டு தலைமுறையின் கதைகள் ஒன்றாகக் கலப்பது மிகச் சாதாரணமான பிழை. ஆண்டையும் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

வாழ்க்கை வரலாறு எழுதுவது

900 சொல் போதும். ஏ5 அளவுப் பக்கத்தில் 12 புள்ளி எழுத்தில் ஏறக்குறைய 180 சொல் பிடிக்கும், ஆகவே ஐந்து பக்கம்.

பெரும்பாலான கல்வெட்டுகளில் இப்படி ஒரு பந்தி இருக்கும்: “அன்னார் அன்பும் பண்பும் நிறைந்தவர். ஊருக்கு உழைத்த உத்தமர். எவரையும் புண்படுத்தாத பெருந்தகை.” ஊரில் இறந்த எல்லோருக்கும் இது பொருந்தும். அந்த வரிகளைச் சொன்னவரிடமே “எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு தரம் கேளுங்கள். வரும் பதிலை எழுதுங்கள். ஒரு துறைமுகத் தொழிலாளியை மனதில் வைத்து மாதிரிக்கு ஒன்று:

“விடிய 5 மணிக்குக் கிணற்றுக் கப்பி சத்தம் போட்டால் அப்பா எழும்பிவிட்டார் என்று அர்த்தம். வேலைக்குப் போகும்போது சைக்கிளின் முன் பாரில் கடைசி மகள் இருப்பாள். பாரில் ஒரு துவாயை மடித்துக் கட்டியிருந்தார், அவளுக்குக் கால் நோகக் கூடாது என்று. கைமாற்றுக் கொடுத்த காசெல்லாம் நீல மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதியிருக்கிறது. திருப்பித் தந்தவர்களின் பெயரை வெட்டியிருக்கிறார். வெட்டாத பெயர் மூன்று. அவர்களிடம் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.”

இதில் அன்பு என்ற சொல்லே இல்லை. துவாய் அதைச் சொல்கிறது. (அந்த மூன்று பெயரையும் அச்சில் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

தொழிலை எழுதும்போது “துறைமுகத்தில் பணிபுரிந்தார்”, “மா ஆலையில் வேலை செய்தார்” என்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். மூட்டை எண்ணியவரா, பாரந்தூக்கி ஓட்டியவரா, இரவு முறையில் கேற்றில் நின்றவரா? சீமெந்து ஆலையோ, புல்மோட்டைக் கனிய மணலோ, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளோ, எதுவானாலும் இதே கேள்விதான். கடற்றொழிலாளி என்றால் கரைவலையா, வள்ளமா, எந்தக் காற்றில் எந்தத் துறைக்குப் போவார் என்று கேளுங்கள். தம்பலகாமத்து வயல்காரர் என்றால் எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலில் தண்ணீர். இந்த விவரங்கள் தெரிந்தவர்கள் இன்னும் சில வருசத்துக்குத்தான் இருப்பார்கள்.

யுத்த காலத்தைத் தாண்டிப் போக முடியாது. “நாட்டின் அசாதாரண சூழ்நிலை காரணமாக” என்ற ஒரு வரியில் பலர் இருபது வருசத்தை மூடிவிடுகிறார்கள். எங்கேயிருந்து எங்கே போனார், எத்தனை மாதம், எந்த முகாம், யார் யார் கூட இருந்தார்கள், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன மிச்சம் இருந்தது என்பதை எழுதலாம், எழுத வேண்டும். காணாமற்போன, இறந்துபோன பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் வரிசையில் அதன் இடத்திலேயே வர வேண்டும். எந்தச் சொல்லால் அதைக் குறிப்பது என்பதை அம்மா தீர்மானிக்கட்டும். காணாமற்போனவருக்குக் “காலஞ்சென்ற” என்று போட அம்மா சம்மதிக்காவிட்டால் போடாதீர்கள். அதில் எழுதுகிறவருக்கு உரிமை இல்லை.

குடி, முதல் தாரம், பேசாமல் இருந்த தம்பி. இவற்றை அலசத் தேவையில்லை, ஆனால் ஆட்களை அழிக்கக் கூடாது. முதல் தாரத்துப் பிள்ளையின் பெயரை விட்டுவிட்ட கல்வெட்டு அந்தக் குடும்பத்தை இன்னும் ஒரு தலைமுறைக்குப் பிரித்துவைக்கும். வருத்தத்தைப் பற்றி இரண்டு வரி போதும்: எப்போது சுகயீனமுற்றார், யார் பார்த்தார்கள், எந்த நேரத்தில் போனார். வைத்தியம் சரியா பிழையா என்ற வாதத்துக்குக் கல்வெட்டு இடமில்லை.

திதி வெண்பா

கல்வெட்டின் முதற் பக்கத்தில் வருவது திதி நிர்ணய வெண்பா. ஆண்டுதோறும் திவசத்துக்கு நாள் பார்க்க இதுதான் ஆதாரம். அதனால் அழகைவிடக் கணக்கு முக்கியம். தமிழ் ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, இந்த நான்கும் தவறக் கூடாது.

பிழை வருவது மூன்று இடத்தில். முதலாவது, தமிழ் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. செவ்வாய் விடியப்புறம் 3 மணிக்கு இறந்தவருக்குத் தமிழ்க் கணக்கில் இன்னும் திங்கட்கிழமைதான். இரண்டாவது, திதி நள்ளிரவில் மாறுவதில்லை, பகலிலும் மாறும். ஆகவே இறந்த நேரத்தைக் குருக்களிடம் நிமிடத்தோடு சொல்ல வேண்டும். வீட்டில் இறந்தால் யாராவது மணியைப் பார்த்து எழுதிவைத்திருக்க வேண்டும், வைத்தியசாலையில் என்றால் அங்கே பதிந்த நேரம். மூன்றாவது, வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே நாளுக்கு வெவ்வேறு முடிவு நேரம் காட்டும். உங்கள் வீட்டில் அப்பப்பாவின் திவசம் எந்தப் பஞ்சாங்கப்படி நடக்கிறதோ அதையே பிடியுங்கள்.

மேலே சொன்ன உதாரணத்துக்கு ஒரு வெண்பா:

குரோதி வருடம் குளிர்மார் கழியில்
பொருந்து வளர்பிறைப் போழ்தில் – திருமலை
எந்தை நவமியில் ஈசன் அடிசேர்ந்தார்
சிந்தை முழுதும் சிவம்

குரோதி ஆண்டு, மார்கழி, வளர்பிறை, நவமி. ஆங்கிலத் திகதி 2025 சனவரி 8. மார்கழி என்றதும் 2024 என்று அச்சுக்கோப்பவர் தானாகத் திருத்திவிடுவதுண்டு. பக்கத்தில் ஆங்கிலத் திகதியையும் போட்டுவிடுங்கள்.

இதை எடுத்துச் சொல்லை மட்டும் மாற்றிப் போடலாமா என்றால், சில இடத்தில் முடியும், சில இடத்தில் முடியாது. நவமி இருக்கும் இடத்தில் தசமி அப்படியே உட்காரும், இரண்டும் நிரையில் (இரண்டு உயிரொலி இணைந்த அசையில்) தொடங்குபவை. சப்தமி, அட்டமி உட்காராது. “எந்தை” தேமா என்ற வகைச் சீர், அதன் பின் நிரை வர வேண்டும், இவை நேரில் (ஒரே உயிரொலி கொண்ட அசையில்) தொடங்கித் தளை, அதாவது சீர்களை இணைக்கும் ஓசைக் கட்டு, தட்டும். விசுவாவசு என்ற ஆண்டுப் பெயரை ஒரே சீராக வைத்தால் அது கனிச்சீர் (நிரையில் முடியும் மூன்றசைச் சீர்), வெண்பாவில் வராது. “விசுவா வசுவில்” என்று பிரித்தால் ஓசை நிற்கும், ஆனால் எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) போய்விடும், அடுத்த அடியையும் கோட்டுக்குப் பின் வரும் தனிச்சொல்லையும் மாற்ற வேண்டும். யாப்புத் தெரிந்த ஒரு தமிழாசிரியரிடம் நான்கு தரவையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவதே நல்லது. அப்பாவின் பெயரை மூன்றாம் அடியில் கொண்டுவரவும் அவரால் முடியும்.

பழைய கல்வெட்டுகளில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுகள் நிறைய இருக்கும். இன்று விரும்பினால் ஒன்று வையுங்கள். அம்மா பேசியதை அவருடைய சொல்லிலேயே உரைநடையாக ஒரு பக்கம் போட்டால் அது எந்தப் புலம்பலையும் விட ஆழமாக இறங்கும். கத்தோலிக்க, மெதடிஸ்த குடும்பங்களில் திதியும் பதிகமும் போய் வேத வசனமும் செபமும் வரும், மற்றதெல்லாம் இதே ஒழுங்குதான்.

பக்கங்களும் வம்ச வரிசையும்

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும். 24 பக்கம் ஒரு குடும்பத்துக்கு அளவானது. முதற் பக்கம் படமும் வெண்பாவும், இரண்டாவது சமர்ப்பணம், மூன்றாவது பஞ்சபுராணம் என்ற ஐந்து திருமுறைப் பாடல். தேவாரத்துக்குச் சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்திலிருந்து ஒன்று எடுப்பது நம் ஊர் வழக்கம், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. 4 முதல் 6 வரை சிவபுராணம். 95 அடி, மூன்று பக்கத்துக்குச் சரி. போனில் வந்த பிரதியை ஒட்டாமல் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். 7 முதல் 11 வரை வாழ்க்கை வரலாறு. 12, 13 இரண்டும் விரித்தால் ஒரே தாளாகக் கிடக்கும் நடுப்பக்கம், வம்ச மரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. 14 முதல் 16 வரை படங்கள். 17 முதல் 21 வரை மற்றவர்களின் நினைவுகள், 22, 23 மரண அறிவித்தலும் பாட்டும், 24 நன்றி நவிலல். நிறப் பக்கங்களை 9க்கும் 16க்கும் இடையில் அடக்கினால் இரண்டே தாளில் நிறம் முடிந்துவிடும், செலவும் குறையும். உள்தாள் 100 கிராமுக்குக் குறைந்தால் பின்பக்கப் படம் தெரியும். அட்டை 250 அல்லது 300 கிராம்.

வம்ச மரத்தில் சண்டை வரும், தயாராக இருங்கள். “காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்” என்று தொடங்கிப் பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சகலன், சம்பந்தி, பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று போகும் வரிசையை எல்லோரும் அறிவார்கள். விடுபடுவது பெரும்பாலும் சின்ன வயதில் இறந்த சகோதரங்களும், மறுமணம் செய்த மருமகளும். ஒவ்வொரு கிளையையும் அந்தந்தக் குடும்பத்துக்கே அனுப்பி “சரி” என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல் வேண்டாம். அடையாள அட்டை எண், வீட்டு இலக்கம், தொலைபேசி, பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், இவற்றை அச்சில் போடாதீர்கள்.

படங்கள்

முகப்புக்கு நோயில் எடுத்த கடைசிப் படம் வேண்டாம். ஐந்தாறு வருசத்துக்கு முந்திய, ஊரார் பார்த்தவுடன் அடையாளம் காணும் படம் போதும். ஐந்து அங்குலம் அகலம், ஏழு அங்குலம் உயரத்தில் தெளிவாக வர 1500க்கு 2100 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், அதற்கு மேல் இழுத்தால் முகம் கலைந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய படத்தை உரிக்கக் கூடாது, உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, கண்ணாடியின் மேலேயே எடுங்கள்.

83, 90, சுனாமி என்று ஒவ்வொன்றிலும் அல்பம் போன வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. மற்றவர்களின் கலியாண அல்பத்தைத் தேடுங்கள். அப்பா ஏதாவது ஒரு பந்தலில், ஏதாவது ஒரு மாப்பிள்ளையின் பின்னால் நின்றிருப்பார். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் அகப்படும். ஒவ்வொரு படத்துக்கும் இடம், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள்.

அச்சகத்தில்

நீங்கள் போனில் அடிப்பது யுனிகோட். நம் பக்கத்து அச்சகங்களில் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாத தமிழெழுத்தாக மாறிவிடும், ஸ்ரீ சிதையும், மேற்கோள் குறிகள் வேறு ஏதோ எழுத்தாகும். ஔகாரத்தின் கொம்புக்காலும் ளகரமும் இடம் மாறும். ஆகவே மாற்றிய பிறகு வந்த தாளைத்தான் புரூப் பார்க்க வேண்டும், உங்கள் போனில் இருப்பதைப் பார்த்துப் பயனில்லை.

இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்க்கட்டும். பெயர்ப் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசியுங்கள், தெரிந்த பெயரைக் கண் தாண்டிப் போகாது. திகதிகளை வேறொருவர் தனியாகப் பார்க்கட்டும். நன்றி நவிலலில் பாடை சுமந்தவர்கள், பறைமேளக்காரர், பந்தல் போட்டவர், சமைத்தவர், தங்கள் கிணற்றையும் குசினியையும் திறந்துவிட்ட அயலார் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பாருங்கள். அவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள்.

எத்தனை பிரதி என்பதை ஆளை எண்ணிப் பார்க்காமல் வீட்டை எண்ணிப் பாருங்கள். சாவீட்டுக்கு வந்தவர்களின் பட்டியலை வீடு வாரியாகக் கூட்டி ஐந்தில் ஒரு பங்கு மேலதிகமாக அடித்தால் போதும்.

31ஆம் நாள்

அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீரூற்றடியில் செய்வது திருமலையாரின் பழைய வழக்கம். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் அந்த ஏழு கிணறுகள் என்பது ஐதீகம். புத்தகக் கட்டை அங்கே கொண்டுபோக வேண்டாம், ஈரமும் சனமும். வீட்டுக்கு வந்து படையல் முடிந்து மதிய போசனத்துக்கு முன் வெண்பாவையும் வரலாற்றையும் ஒருவர் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். கல்வெட்டு வாசிப்பது என்பது அதுதான். ஐந்து பக்கம் வாசிக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். நல்ல குரலுள்ள பேரப்பிள்ளைக்கு முதல் நாளே கொடுத்துப் பழக்குங்கள். முதற் பிரதி அம்மா கைக்கு.

பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு பிரதி, அவர் படித்த பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. இப்படியான நினைவு மலர்களை மின்வடிவில் சேர்த்துப் பாதுகாக்கும் “நூலகம்” என்ற இணைய நூலகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். அச்சகத்திலிருந்து கடைசிக் கோப்பைக் கேட்டு வாங்கி இரண்டு பேரின் கணினியில் வையுங்கள். ஒரு பிரதியின் அட்டையில் “திருத்தம்” என்று எழுதி, பேனையோடு வாசல் மேசையில் வையுங்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஒரு பெரியவர் அதைப் புரட்டி, “இது 64 இல்லைத் தம்பி, அதுக்கு முதல் வருசம்” என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியதை எழுதவிடுங்கள், பெயரையும் கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். ஆட்டைத் திவசத்துக்கு (முதலாண்டு நினைவுக்கு) ஒரு திருத்தத் தாள் அச்சடித்துப் பிரதிகளுக்குள் செருகிவிடலாம்.